காக்கை உட்கார்ந்த பலகை

என் நாத்தனார் மகன் திருமலைக்கு எண்ணூரில் ஒரு குடோன் கூரைமேல் வேலை. கூரை முழுக்க வெயிலில் கரண்ட் எடுக்கிற சோலார் பலகைகள். அவற்றைக் கழுவ வேண்டும். வெயில் நன்றாக ஏறியதும் ஒரு கேமராவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும். அந்தக் கேமராவில் சூடுதான் தெரியும். பழுதான இடம் வெள்ளையாக எரியும். இது இரண்டாயிரத்து ஒன்பதில்.

அவன் மனைவி மங்கை போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளை கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து நான்தான் சோறு கட்டித் தருவேன். கூரையின் கைப்பிடிச் சுவரில் முதல் பிடியை வைப்பான். காக்கை எடுத்த பிறகுதான் தன் வாயில் வைப்பான். சாயங்காலம் வந்து, “இன்னிக்கும் மங்கை வந்து துன்னுட்டுப் போச்சு அத்தே” என்பான். அந்தக் கூரையில் அவனுக்கு வேறு யார் இருந்தார்கள்?

ஒருநாள் மூலைப் பலகையில் ஒரு கட்டம் வெள்ளையாக எரிந்தது. கழுவினான். அடுத்த முறையும் அதே இடம்.

“இன்னா மாமு, இது மட்டும் அடுப்பு கணக்கா கீது? கருகிச்சின்னா கழட்டிக் கடாசணும்” என்றார் சூப்பர்வைசர் ஷாகுல் ஹமீது.

திருமலை மதியம் நின்று பார்த்தான். இவன் டப்பா திறக்கும்வரை காக்கை அந்தப் பலகை விளிம்பில்தான் காத்திருந்தது. எச்சம் காய்ந்து அப்பிக்கொண்டது. வெயில் படாமல் மூடிய கட்டம் மற்ற கட்டங்களின் கரண்டைத் தடுத்துச் சூடேறுமாம்; அதுதான் அப்படிக் கொதித்தது.

மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

“பாய், நான் சோறு வைக்கிறேன்ல, அந்தக் காக்காதான்.”

“இதுக்கா பேஜாரு? கீழ காம்பவுண்டு சுவத்துல வைய்யி. அதுக்கு ரெக்கை கீதுல்ல?”

“வருமா பாய்?”

“வராம எங்க போவும்?”

கீழே கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஹாரன் அடிக்கும். சுவரில் வைத்த சோறு காய்ந்தது.

அன்றைக்கே மூலைப் பலகையைக் கழுவிவிட்டுப் பார்த்தால், கேமராவில் எல்லாப் பலகையும் ஒரே நிறம். “சூப்பர் மாமு! க்ளீனா கீது!” என்று ஷாகுல் முதுகில் தட்டினார். திருமலை கேமராவை அந்த மூலையிலேயே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

சாயங்காலம் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். தூக்கினேன், கனத்தது.

“இன்னாடா, துன்னலையா?”

“அது வரல அத்தே.”

திறந்து பார்த்தேன். ஒரு பிடிதான் குறைந்திருந்தது.