நூற்றுப் பதினெட்டாம் வீடு

செல்லக்கிளிக்குக் கணக்கெடுக்கத் தெரியாது என்று முதல் நாளே முடிவு கட்டியவள் நான். என் அவசர புத்தி ஊரறிந்தது. பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும் கணக்கெடுப்பில், ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டுப் பக்கம் இருநூறு வீடுகள் அவர் பொறுப்பு. காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உப்புமா கிண்டுவார், மாலையில் படிவத்தோடு கிளம்புவார். படித்தது எட்டாவது வரை. அவர் எழுதியதைச் சரிபார்ப்பது காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வருகிற ரோசரி டீச்சரான என் வேலை.

"பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போறாங்களான்னு கேட்டா எல்லாருமே போறாங்கன்னுதான் சொல்லுவாங்க டீச்சர்," என்றார் செல்லக்கிளி. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொடியைப் பாருங்க. யூனிஃபார்ம் தொங்கலைன்னா அந்த வீட்டுல உக்காந்து பேசணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்படி அவர் கண்டுபிடித்த, பள்ளிக்கே வராத நாலு பிள்ளைகளும் எங்கள் பதிவேட்டில் மட்டும் சமர்த்தாக வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு நானும் கொடிகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. 'காரணம்' என்ற கட்டத்தில் அப்பா அம்மா சொல்வதை எழுத மாட்டார். தரையில் உட்கார்ந்து, பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பார். அது வாய் திறக்கும்வரை காத்திருப்பார். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு. மறுநாள் படிவங்களை ஒப்படைக்க வேண்டும். வாங்கிவர அவர் வீட்டுக்கே போனேன்.

"நூத்துப் பதினெட்டு காலியா இருக்கே?"

"அது நம்ம வீடு டீச்சர். நம்ம வீட்டையுமா எழுதணும்?"

"நம்ம வீடும் வீடுதானே?"

டீ போட உள்ளே போனார். வாசல் கொடியில் துணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு பெண்பிள்ளையின் பள்ளிச் சீருடை மட்டும் சொட்டவில்லை. தொட்டுப் பார்த்தேன். இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. நனையாத துணியை யாராவது காயப்போடுவார்களா?

டம்ளரோடு வந்தவர் என் கையையும் சீருடையையும் பார்த்தார்.

"அனுசுயாவோடது டீச்சர். பத்தாவதுல கணக்குல போயிடுச்சு. ஜூலையில திரும்ப எழுதச் சொன்னேன், மாட்டேன்னுட்டா. வீட்லதான் இருக்கா. வெளிய தெரிஞ்சா நான் எந்த வாசல்ல போய் நிக்கிறது?"

தெருவை ஏமாற்ற, ஞாயிறுதோறும் மகளின் சீருடையைத் தொங்கவிட்டிருக்கிறார். கோபம்தான் எனக்கு முதலில் வந்தது. அடுத்த நிமிடம், 'படிக்கிறாள்' என்று நானே எழுதிவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் படிவத்தில் பெயர் ஏறினால்தான் அவளை மறுபடி பள்ளியில் சேர்க்க ஆள் வரும். ஏறாவிட்டால் அவள் வீட்டோடு போனவள்தான். இதை நான் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

செல்லக்கிளி படிவத்தையும் பேனாவையும் எடுத்தார். பிறகு மற்ற வீடுகளில் உட்காருவது போலத் தரையில் உட்கார்ந்தார்.

"அனு, இங்க வா. பேரு சொல்லும்மா."

வந்து நின்ற பெண் முறைத்தாள். "என்னம்மா, கிண்டலா?"

"இல்லம்மா. ஏன் ஸ்கூலுக்குப் போகல? நீ சொல்றதைத்தான் எழுதுவேன்."

அவர் காத்திருந்தார். டீ ஆறிப்போனது.

"ஊர்ல எல்லாப் பிள்ளையையும் கேட்ட. என்னை மூணு மாசமா திட்டத்தானே செஞ்ச?" அனுசுயாவின் குரல் உடைந்தது. "ஆறாவதுலேர்ந்தே எனக்குக் கணக்கு புரியலம்மா. சொன்னா, 'நான் எட்டோட நின்னேன், நீயாவது படி'ன்னு அழுவ. அதான் சொல்லல."

செல்லக்கிளி அழவில்லை. நான்தான் அழுதேன். அவர் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: 'ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு புரியவில்லை. வீட்டில் யாரும் கேட்கவில்லை.' கீழே 'மொத்தம்' என்ற கட்டத்தில் நாலை அடித்துவிட்டு ஐந்து என்று போட்டார்.

மறுநாள் மேலதிகாரி முகம் சுளித்தார். "போன வாரம் நாலுன்னீங்களே?"

"எண்ணத் தெரிஞ்சவங்க எண்ணினா கூடத்தான் செய்யும் சார்," என்றேன். என் வாய் அப்படி.

அனுசுயா மறுபடி பத்தாம் வகுப்பில் சேர்ந்தாள். மாலையில் பள்ளியிலேயே ஒரு மணி நேரம் கணக்கு மட்டும், ஆறாம் வகுப்புப் பாடத்திலிருந்து. தசமபின்னம் புரிந்த அன்று எனக்குப் போன் செய்து சொன்னாள்.

போன ஞாயிறு அந்தப் பக்கம் போனேன். செல்லக்கிளி கல்லில் அதே சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன் பாக்கெட் ஓரம் நீலமாக மை.

"பேனாவ மூடாம வெச்சிருக்கா டீச்சர்! எத்தனை சோப்பு போட்டாலும் போகமாட்டேங்குது!"

புகார் சொல்கிறவர் முகமா அது? பூரித்துப்போய் இருந்தது. பிழிந்து உதறி, மைக்கறை தெருப்பக்கம் தெரியும்படி விரித்துப் போட்டார். சீருடை சொட்டிக்கொண்டிருந்தது.