சேனை வைக்க வந்தவர்

எனக்குச் சேனை வைத்தது என் தாய்மாமா. நான் ஓர் இடத்தில் நிற்காததற்கும், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதற்கும் அதுதான் காரணம் என்று வீட்டில் என்றைக்கோ முடிவு செய்துவிட்டார்கள். தாய்ப்பாலுக்கு முன்னால் யார் கருப்பட்டித் தண்ணீரைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்கிறார்களோ, அவர் குணம்தான் குழந்தைக்கு வருமாம். மாமா சிவகாசியில் ஓர் அச்சாபீசுக்குக் காலண்டர் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்த ஊரைப் பற்றிப் பேசுவதைவிடப் பார்க்காத ஊரைப் பற்றி நன்றாகப் பேசுவார்.

அம்மாவுக்குச் சேனை என்றாலே ஆகாது. வெம்பக்கோட்டை ரோட்டில் இருந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். கிண்ணத்தோடு வருகிற சொந்தக்காரர்களை, "பச்சப் புள்ள வாயில கண்ட தண்ணியவும் ஊத்தாதீக" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். எனக்கு மாமா வைத்தது அவள் அசந்து தூங்கிய சமயத்தில்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவேன். பிரசவ வார்டு வாசலில் ஒரு குழாயும் சிவப்புச் சோப்பும் இருக்கும். யார் வந்தாலும், "கையக் கழுவுனாத்தான் புள்ளயத் தூக்க விடுவாக" என்று சொல்லி, கழுவின கையைத் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். இந்த உத்தியோகத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் விருதுநகரில் அது நடந்தது. பருத்திக் கடை வைத்திருந்த பெரியவரையும் அவர் மனைவியையும் வீட்டுக்குள்ளேயே கொன்றுபோட்டு, அந்த அம்மாவின் நகைகளோடு ஓடிவிட்டான் அவர்கள் வீட்டு வண்டிக்காரன். அவனுக்குச் சோறு போட்ட பிறகுதான் தான் சாப்பிட உட்காருவாராம் அந்த அம்மா. ஏன் செய்தான் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

மாமா தினமும் ஓர் ஊரில் அவனைப் பார்த்தார். சாத்தூரில் ரயிலேறும்போது பார்த்தாராம்; ஆலங்குளத்துக் கல்லுக்குழியில் பார்த்தாராம். "கதவு மாதிரி மாரு. நெத்தியில நீளமா ஒரு வெட்டு. என்னைப் பாத்து மொறச்சான் பாரு!" நாங்கள் சோற்றில் கை வைக்காமல் கேட்போம்.

அவன் மனைவிக்கு எங்கள் ஊர். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த பெண். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவளை அவள் அக்கா ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தாள். கூடவே ஒரு போலீஸ்காரரும் வந்தார். மாற்றுடையில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, யாருக்கோ அண்ணன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒட்ட வெட்டின கிராப்பைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண்கள் அவரை விடவில்லை. "ஏண்ணே, சும்மாதான இருக்கீக? டீக்கடையில ஒரு செம்பு வெந்நி வாங்கியாங்களேன்." அவரும் போய் வாங்கிவருவார்.

பள்ளிக்கூடம் லீவான ஒரு நாள் காலையில் பிள்ளை பிறந்தது. ஆண். மத்தியானம் ஆகியும் அதற்குப் பால் கிடைக்கவில்லை.

"நல்ல மனுசர் ஒருத்தர் சேனை வைக்கட்டும் சிஸ்டர். அது வரைக்கும் பால் குடுக்க மாட்டேன். இது அவுக ரத்தம்" என்றாள் அந்தப் பெண்.

"புள்ள தொண்ட வத்திக் கத்துதுடி!" என்றாள் அம்மா.

"கத்தட்டும். அவுக மாதிரி ஆயிறக் கூடாது."

அக்காக்காரி கிண்ணத்தோடு கட்டில் கட்டிலாகப் போனாள். கொலைகாரன் பிள்ளைக்குச் சேனை வைத்தவர் என்ற பேர் யாருக்கு வேண்டும்? ஒரு வாத்தியாருக்குச் சட்டென்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மாமாதான் முன்னால் வந்தார். "நா வைக்கேன்க்கா."

"ஒண்ணு போதும்" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

போலீஸ்காரர் வெந்நீருக்குப் போயிருந்த நேரம், தலையில் தீக்குச்சி மூட்டையோடு ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே நுழையப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கையக் கழுவுங்க."

அவர் திரும்பிவந்து கழுவினார். சோப்பைத் தேய்த்தார், அலசினார், மறுபடியும் தேய்த்தார். நகக்கண்களைக்கூட விடவில்லை. அவ்வளவு ஒழுங்காக என் பேச்சைக் கேட்டவர் அதுவரை ஒருவருமில்லை.

அவர் நேராக அந்தப் பெண்ணின் கட்டிலருகே போய் நின்றார். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

"யாருப்பா இது?" என்றார் ஊரூராக அவனைப் பார்த்த மாமா.

"வண்டிக்காரரு" என்றாள் அக்காக்காரி. மாமா சாப்பாட்டுத் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் அழுதுகொண்டே பிள்ளையை நீட்டினாள். "வேற யாரும் வரல. நீங்களே வைங்க."

அவர் விரல் கிண்ணம் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நா வேண்டாம். சிஸ்டரம்மா, நீங்க வைங்க."

அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தை வாங்கினாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, சுண்டுவிரலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். அழுகை நின்று, அது விரலைச் சப்பத் தொடங்கியது. அந்தப் பெண் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

அவர் வெளியே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். சேனைக்குக் கருப்பட்டி கொண்டுவந்து, கொடுக்க மறந்துவிட்டார் போலும் என்று எண்ணினேன். செம்போடு வந்த போலீஸ்காரர் அவரையும் முடிச்சையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஓடலய்யா. புள்ள பால் குடிச்சு முடிக்கட்டும். பெறவு கூட்டிட்டுப் போங்க."

போலீஸ்காரர் செம்பைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கம் உட்கார்ந்தார்.

எனக்கோ மனசு ஆறவில்லை. அத்தனை நேரம் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடாமலே வந்துவிட்டாரே! அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சுருங்கி, சோப்பு வாசம் அடித்தது.

"சுத்தமாத்தான இருக்கு அண்ணாச்சி. நீங்களே வச்சிருக்கலாம்ல?"

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. போலீஸ்காரர் ரோட்டைப் பார்த்தார். உள்ளே பிள்ளை சப்புக்கொட்டிக் குடிக்கிற சத்தம் கேட்டது.

எனக்குச் சோப்பின் மேல்தான் சந்தேகம் வந்தது. மறுநாள் அம்மாவிடம், வார்டுக்கு வேறு நல்ல சோப்பாக வாங்கி வைக்கச் சொன்னேன்.