ஊர்க்கூடத்தில் படித்த வாக்காளர் பட்டியல்

சிறைக்குப் போய்வந்தவனுக்கு எதற்கு ஓட்டு என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் ரத்தக் கொதிப்பு ஏறிவிடுகிறது. செய்தி பார்ப்பதைக் குறையுங்கள் என்கிறார் டாக்டர். செய்தி பார்த்து வந்த கொதிப்பு இல்லை இது. போன தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்னால், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்ட கேள்வியில் தொடங்கியது.

"ஐயா, நீங்க எலக்‌ஷன் ஆபீஸ்ல இருந்தவங்கதானே. ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவங்களுக்கு ஓட்டு கெடையாதாமே, நெசங்களா?"

அவள் கேட்டது தன் கணவருக்காக. திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் கிராமம் அவர்களுடையது. கரையில் நடந்த ஒரு வலைத் தகராறில் அவர் ஓங்கிய துடுப்பு இன்னொருவர் தலையில் இறங்கியது. அடிபட்டவர் மூன்றாம் நாள் இறந்தார். அவரும் அதே ஊர்க்காரர்தான். ஏழு ஆண்டு தண்டனை. காலாப்பட்டுச் சிறையில் அதைக் கழித்துவிட்டு மனிதர் வீடு திரும்பியிருந்தார். பட்டியலில் மனைவி பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. கட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்தபோது அவருக்கு ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. அவரைத் தாண்டி உள்ளே பார்த்து, அக்கா இருக்காங்களா என்று கேட்டார்களாம். அது அவருக்குத் தாங்கவில்லை என்றாள்.

தேர்தல் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். சட்டம் ஒன்றும் பரம ரகசியமில்லை. சிறைக்குள் இருக்கும்வரை ஓட்டுப் போட முடியாது. வெளியே வந்தால் போடலாம். உள்ளே இருக்கும்போதும் சொந்த ஊர் முகவரி போய்விடாது; சிறைச்சாலை யாருக்கும் வீடாகிவிடுவதில்லை. தேர்தலில் லஞ்சம் கொடுத்துத் தண்டனை பெற்றவருக்குத்தான் ஆறு ஆண்டு ஓட்டுரிமை போகும். என் சர்வீஸில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் அவ்வளவு நேர்மை.

அந்த வாக்குச்சாவடிக்குப் பொறுப்பான அலுவலரைப் போனில் பிடித்தேன். ஓர் அங்கன்வாடி ஊழியர், நல்ல பெண். கொலை கேஸ் ஆச்சே சார் என்றார். எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தானே சார் சொல்றாங்க என்றார். நான் அந்தப் பெண்ணையும் மீன்கார அம்மாளின் கணவரையும் நேரில் வைத்துக்கொண்டு, பெயர் சேர்க்கும் படிவம் ஆறைப் பூர்த்தி செய்து, என் பழைய அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே இருந்த எழுத்தர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வேண்டும் என்றார். அப்படி ஒரு கடிதம் எந்த விதியிலும் இல்லை. கேட்பதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே ரசீது போட்டுக் கொடுத்தார்.

பெயர் எப்படிப் போனது என்று பழைய கோப்பைக் கேட்டேன். மேலே ஒரு படிவம் ஏழு, நீக்கக் கோரும் மனு. காரணம்: நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர். பெண்டாட்டியும் கூரையும் அங்கேயே இருக்க, இவர் மட்டும் நிரந்தரமாகக் குடிபெயர்ந்திருந்தார். சாட்சிக் கையெழுத்து ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்கள் மூவர்.

அன்று மாலையே அந்தக் கிராமத்துக்குப் போனேன். வேட்பாளர் ஒருவரின் வரவேற்புக்காக ஊர்க்கூடத்தின் முன் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தன் மீதான வழக்குகளைச் சட்டப்படி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாக வேண்டிய வேட்பாளர் அவர். அதற்கு முந்தின தேர்தலில் அந்த விளம்பரம் கால் பக்கத்துக்கு வந்திருந்தது. காவலில் இருப்பவர்கூட நம் நாட்டில் தேர்தலில் நிற்கலாம், ஓட்டுத்தான் போடக்கூடாது. கையெழுத்திட்ட மூவரில், அவருக்கு ஆளுயர மாலை சொல்லியிருந்த தலைவரிடம்தான் நான் கேட்கப்போனேன்.

அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "அவர ஊரு தள்ளி வச்சிருக்குங்க சார். ஊர் வரி போடற தலைக்கட்டு லிஸ்ட்டுலயே பேரு இல்ல. அப்புறம் ஓட்டு லிஸ்ட்டுல மட்டும் எப்படிங்க படிக்கறது? பொம்பள என்ன பண்ணும், அதான் அது பேர விட்டுட்டோம். செத்தவனோட அம்மா இந்தத் தெருவுலதாங்க நடக்குது."

அந்தத் தாயின் துக்கம் எனக்குப் புரிகிறது. அதற்கு நீதிமன்றம் ஏழு வருடம் விலை போட்டது, அவர் கட்டிவிட்டார். உங்கள் ஊர்த் தலைக்கட்டு லிஸ்ட் வேறு, சர்க்கார் லிஸ்ட் வேறு என்று குரலை உயர்த்தினேன்.

"வேறன்னா அத எதுக்குங்க எங்க ஊர்க்கூடத்துல வச்சுப் படிக்க விட்டீங்க? நீங்கதானே வந்து ஆரம்பிச்சு வச்சீங்க."

உண்மை. ஆண்கள் கடலிலும் பெண்கள் ஏலக்கரையிலும் இருப்பார்கள். பகலில் போனால் எல்லாக் கதவும் பூட்டியிருக்கும். அதனால் பட்டியலை ஊர்க்கூடத்தில் தலைவர்கள் முன் வாசித்து, அவர்கள் இல்லை என்ற பெயரை அடித்துவிடும் வழக்கத்தைப் பதினெட்டு வருடத்துக்கு முன் நான்தான் கொண்டுவந்தேன். ஒரே பிற்பகலில் ஒரு கிராமம் முடிந்துவிடும். மேலதிகாரி கூட்டத்தில் பாராட்டினார். மற்ற கரையோரக் கிராமங்களிலும் அதையே செய்தார்கள். நான் ஓய்வு பெற்றேன். வழக்கம் ஓய்வு பெறவில்லை.

புது மனுவை விசாரிக்க அந்த அங்கன்வாடிப் பெண் போனார். எங்கே போனார்? ஊர்க்கூடத்துக்கு. 'அக்கம்பக்கத்தார் வசிப்பை உறுதி செய்யவில்லை' என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். உத்தரவு என் கைக்கு வந்தபோது வேட்புமனுத் தாக்கல் முடிந்திருந்தது. அதோடு பட்டியலும் மூடிவிடும்.

எதிர்வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இங்கிருந்தபடியே பிரான்சின் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "அங்க ஜெயிலுக்கு உள்ள இருக்கறவனுக்கே பெரும்பாலும் ஓட்டு உண்டு சார். உங்காளு வெளிய வந்தும் போட முடியலயா?" என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் மேல் என்ன தப்பு? கையில் கிடைத்தவர் அவர்தான்.

வாக்குப்பதிவு அன்று அந்த அம்மாள் மட்டும் வரிசையில் நின்றாள். கணவர் நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே, அவளுடைய கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்டி துவைத்துக் கட்டியிருந்தார். கட்சி முகவர்கள் எல்லாரும் அவர் ஊர்ப் பையன்கள். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் என் சாவடியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றேன். மை வைத்த விரலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மேல்முறையீட்டை நான் எழுதி வைத்திருந்தேன், ஆட்சியருக்கு. இந்தமுறை கட்டாயம் ஜெயிக்கும் என்றேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஜெயிச்சா எப்பங்கய்யா ஓட்டு?"

அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு ஐந்து வருடம் இருக்கிறது, நடுவில் நாடாளுமன்றத் தேர்தல் வரும் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் ஆபீஸ்காரப் புத்தி அது. அவர் முதல் எண்ணோடு நின்றுவிட்டார்.

"ஏழு வருசம் கோர்ட்டு போட்டது. இந்த அஞ்சு யாருங்கய்யா போட்டது?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எழுத்தர், அந்தப் பெண், தலைவர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு வரிசையே இருந்தது. வாயைத் திறந்தபோது நான் என்றுதான் வந்தது. முறையீட்டின் முதல் பத்தியில் அதையே எழுதியிருக்கிறேன், ஊர்க்கூடத்தில் வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கியவன் நான் என்று, பதவியும் வருடமும் போட்டு, என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் பேனாவுக்குக் கை நீட்டி, எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டார்.