பத்துத் தாளும் ஒரே கையெழுத்து

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் ஊரான வடகரப்பதியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு நடந்தது. அம்மாவின் பெயர் அதில் இருந்தது. நோட்டை நிரப்பியது நான். பள்ளி விட்டு வந்து, பெரியவர்கள் எழுதியதுபோலக் கொஞ்சம் கோணலாக எழுதுவேன். பார்வையிட வந்தவர் "நன்னாயிட்டுண்டு" என்று மலையாளத்தில் பாராட்டிவிட்டுப் போனார். அம்மா இன்றும் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவள், பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். நோட்டு நிரப்புகிற வித்தையும் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதனால், பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வுக்குப் பெண்களைத் தயார்செய்யும் இணைய வகுப்பை ஒரு சிறிய அமைப்பு என்னிடம் ஒப்படைத்தபோது, திரையில் தெரிந்த ஒவ்வொரு கறுப்புக் கட்டத்தையும் முறைத்துக்கொண்டேதான் பாடம் நடத்தினேன்.

அதிகம் உறுத்தியது முதலமடை என்ற ஊரின் குழு. மாங்காய் தரம் பிரித்துப் பெட்டி போடும் ஷெட் ஒன்றில் வேலை செய்யும் பதினொரு பெண்கள். மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். சீசனில் அந்த நேரத்தில் ஷெட்டில் யார் சும்மா இருக்கிறார்கள்? பதினொரு பேருக்கும் ஒரே போன். "எல்லாரும் இருக்கோம் டீச்சர்" என்று ஒரு வரி வரும், அத்தோடு மைக் அணைந்துவிடும். கேமராவைப் போடச் சொன்னால் தகரக் கூரை தெரியும். ஒருநாள் கூரையிலிருந்த பல்லி ஒன்று நாற்பது நிமிடம் நகராமல் என் பாடத்தைக் கேட்டது.

மூன்றாவது வகுப்பில் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஓடிபி பற்றிப் பேசினேன். போனுக்கு வரும் ஆறு எண்களை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், போலீஸ் என்று சொல்லிக் கேட்டாலும், ஏன், நானே கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றேன். அதற்கும் கூரைதான் பதில்.

பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தேன். 'எங்கள் வீட்டுத் தண்ணீர்', ஐந்து வரி. முதலமடையிலிருந்து பத்துத் தாள்களின் படங்கள் வந்தன. பத்திலும் ஒரே கையெழுத்து. அதே வளைந்த 'ழ'. தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டியவர்களின் பட்டியலை அலுவலகம் கேட்டிருந்தது. நான் பதினொரு பெயர்களையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அந்த எண்ணை வாட்ஸப் குழுவிலிருந்தும் நீக்கினேன். வருத்தமே வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற திருப்திதான்.

அன்று மாலையே குரல் செய்தி வந்தது. அந்தப் போனுக்குச் சொந்தக்கார அக்கா.

"டீச்சருங்க, எங்களைய எதுக்குங்க தூக்கிப்போட்டீங்க? அங்கன்வாடி வேலைக்குப் பத்தாவது கேக்கறாங்க. இந்த வருசம் எழுதலீன்னா எனக்கு வயசு தாண்டிருமுங்க. சந்தேகம்னா நேர்ல வந்து பாத்துக்கோங்க."

வந்து பார் என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர், வரமாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறவர்கள். மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பதிவுக்கு அதுதான் கடைசி நாள். மாலை ஐந்து வரை நேரம் இருந்தது.

ஷெட்டுக்குள் எனக்கு முன்பே என் குரல் இருந்தது. கவிழ்த்துவைத்த பெட்டிமேல் போன் மல்லாந்து கிடந்தது. பழைய வகுப்பின் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. என் வண்டிச் சத்தம் கேட்டுப் போட்டிருப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றியது.

"போலீசாட்ட வந்து நிக்கறாங்க பாருங்கடி," என்றாள் ஒருத்தி.

இருப்பதிலேயே மூத்த அம்மா தலையைத் தூக்கினார். "வா அம்மிணி. கூரையப் பாத்துப் பாத்துச் சலிச்சிருப்பே. இப்ப மூஞ்சியப் பாரு."

நான் கைகளைப் பார்த்தேன். காம்பு ஒடித்த மாங்காயிலிருந்து பால் வடிந்து, பத்துப் பேரின் விரல்களும் கறுத்துப் பிசினாகியிருந்தன.

"இந்தக் கையில போனு நவுறாதுங்க," என்றாள் முதலில் பேசியவள். "நோட்டத் தொட்டா தாளு கையோட வந்துரும்."

சுத்தமான கை ஒன்றுதான் அங்கே இருந்தது. பெட்டிகளில் ஒட்டும் சீட்டு எழுதும் அக்காவின் கை. போன் அவருடையது. மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவரும் அவர்தான்.

இதையும் சொல்லிக்கொடுத்துத் தயாராக வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். என் போனில் இரண்டாவது தாளைத் திறந்தேன். "இதில் மாமியாரைப் பற்றி எழுதியது யார்?"

"நானுங்க," என்று ஒருத்தி கையைத் தூக்கினாள். "எங்க ஊட்ல தண்ணிக்குப் பஞ்சமில்லீங்க, மாமியாரத் தாண்டிக் கொழாய்கிட்டப் போறதுதான் பெரும்பாடுன்னு சொன்னேன். எழுதிட்டாங்களா?"

எழுதியிருந்தது. அடுத்த தாளில் டேங்கர் லாரி, அதற்கடுத்ததில் வற்றிய போர்வெல். ஒவ்வொன்றையும் சொன்னவள் அங்கே நின்றாள். பத்துத் தாளிலும் கையெழுத்தைப் பார்த்த நான் ஒரு தாளைக்கூடப் படித்திருக்கவில்லை.

ஆனால் தாள்கள் பத்து, ஆட்கள் பதினொன்று.

"உங்க தாள் எங்கக்கா?"

சீட்டு எழுதும் அக்கா பேனாவை மூடினார். "எல்லாத்துக்கும் எழுதி முடிக்கறதுக்குள்ள லாரி வந்துருதுங்க."

மறுபடியும் என் சந்தேகம் தலைதூக்கியது. சொன்னதை எழுதுவது வேறு, தானாக எழுதுவது வேறு. "இப்பவே எழுதுங்க, நான் பாக்கறேன்."

"அப்பறம் சீட்டு ஆரு எழுதறது?"

நானே உட்கார்ந்து எழுதினேன். முதல் தரம், இரண்டாம் தரம், வியாபாரியின் குறி.

"டீச்சரு எழுத்து முத்தாட்ட இருக்குது," என்றார் மூத்த அம்மா. "இந்த வேகத்துல போனா காயெல்லாம் இங்கயே பழுத்துரும்."

அக்கா சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். அவர்கள் வீட்டில் குழாய் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் கரண்ட் வந்தால்தான் தண்ணீர். கரண்ட் வரும் நேரத்தில் அவர் ஷெட்டில் இருக்கிறார். அதனால் மகள் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாகப் போகிறாள். இரண்டு பிழைகள் இருந்தன. ஐந்து வரியும் அவருடையவை.

மணி நாலரை. அலுவலகத்துக்குப் போன் செய்து, அடித்த பெயர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். ஏன் அடித்தேன் என்று கேட்டார்கள். படிக்காமல் அடித்துவிட்டேன் என்று சொல்லவேண்டி வந்தது. என் போனில் பதினொரு பெயர்களையும் ஏற்றினேன். குழுவாகப் பதிய ஒரு எண் போதும். அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். அவர் போன் சிணுங்கியது.

"ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கக்கா."

அவர் போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களே கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னீங்களே?"

"அது வேறக்கா. இது உங்க பதிவுக்கு."

"குடுத்துராத புள்ள," என்றார் மூத்த அம்மா, மாங்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேத்து நம்மளத் தூக்கிப்போட்டவங்கதான இவங்க?"

யாரும் சிரிக்கவில்லை. நான் என் போனை அக்காவிடம் நீட்டினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினார்.

போன் திரும்பி வந்தது. பதிவு முடிந்தது என்று திரையில் இருந்தது. பதினொரு பெயர்களும் இருக்கின்றனவா என்று நான் எண்ணினேன். என் தோளுக்குப் பின்னால் நின்று அக்காவும் எண்ணினார்.