விடுபட்ட ஒன்பதாம் இலக்கம்

ஒரு மனிதர் பதினெட்டுப் பேருக்குப் பந்தடிக்கிற சப்பாத்து வாங்கிக் கொடுக்கிறார் என்றால், அந்தப் பதினெட்டுப் பேரையும் பொலிஸில் பிடித்துக் கொடுப்பதற்குத்தான் என்று நான் நம்பினேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. அன்று வந்தது வயிற்றோட்டம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் செயலாளராக இருந்தேன். பந்துக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, அது என் பக்கம் வந்தால் நான் விலகி வழிவிடுவேன் என்பதுதான். வீடு வெள்ளவத்தையில், வேலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். துறைமுகத்தில் தற்காலிகமாகக் கிரேன் ஓட்டிய எங்கள் அணித்தலைவர் அதை எங்கோ பார்த்துவிட்டு என்னைப் பிடித்துப் போட்டார்.

அந்த வருடம் நாங்கள் இரண்டாம் பிரிவிலிருந்து முதலாம் பிரிவுக்குத் தரமுயர்ந்தோம். வெற்றியைக் கொண்டாடப் பட்டாசு கொளுத்துவோம் என்று யாரோ சொன்னார்கள். யுத்த காலத்துக் கொழும்பில் பட்டாசு கொளுத்தினால் முதலாம் பிரிவுக்குப் போகமாட்டோம், பொலிஸ் விசாரிக்கிற நாலாம் மாடிக்குத்தான் போவோம் என்று நான் சொன்னேன். ஆகவே ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிச் சத்தமில்லாமல் சாப்பிட்டோம்.

ஐஸ்கிரீம் கரைந்த பிறகுதான் யோசனை வந்தது. இரண்டாம் பிரிவில் ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். முதலாம் பிரிவில் வாரநாளில் ஆட்டம், வெளியூரில் ஆட்டம், கிழமைக்கு மூன்று பயிற்சி. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மட்டக்குளியில் நாட்கூலிக்குப் போகிறவர்கள். எதிரணிகளில் பலவற்றில் ஆடுகிறவர்களுக்கு அந்தந்த நிறுவனங்களே உத்தியோகம் கொடுத்து வைத்திருந்தன. அவர்களுக்குப் பந்தடிப்பதுதான் வேலை. எங்களுக்கு வேலையைக் களவாக விட்டுவிட்டு வருவதுதான் பந்தடி.

இந்த நிலையில்தான் கழகத்தை ஆதரிக்கப் போஷகர் ஒருவர் வந்தார். எங்கள் மைதானத்துக்குப் போகிற வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த சிங்கள முதலாளி. கடை கவுண்டரிலேயே கற்றுக்கொண்ட தமிழ் பேசுவார். கழகத்தைத் தான் பொறுப்பெடுப்பதாகச் சொன்னார். சப்பாத்து வந்தது, இரண்டு செற் ஜேர்சி வந்தது, வெளியூர் ஆட்டத்துக்குக் கடை லொறி என்று முடிவானது. அடுத்த கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"செக்ரட்டரி மாத்தயா, எல்லா பிளேயரும் பேர், ஐடென்டி நம்பர், பொறந்த ஊர், இப்ப இருக்கிற அட்ரஸ், ரெண்டு போட்டோ. வெள்ளிக்கிழமைக்கு வேணும்."

"எதுக்கு முதலாளி?"

"வேணும். நல்லதுக்குத்தான்."

அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழர்கள் நாங்கள் பட்டியலோடுதான் வாழ்ந்தோம். வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிப் பொலிஸில் சீல் வாங்கிய தாள், பிளாஸ்டிக் உறைக்குள் எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதன் பிரதி என் சேர்ட் பையில். பிரதியின் பிரதி மனைவியின் கைப்பையில். பிறந்த ஊர் என்ற கேள்வியை எந்த மனிதரும் எங்கள் நல்லதுக்காகக் கேட்டு நான் அறியேன். அதோடு, இரண்டு நாள் முன்னர்தான் ஒரு பொலிஸ் அதிகாரி போஷகரின் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்ததைக் கண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு மனைவியிடம் சொன்னேன்.

"உங்கட பந்தடிகாரரைப் பிடிச்சுக் குடுக்கிறதுக்கு ஆராவது முதல்ல சப்பாத்து வாங்கிக் குடுப்பினமோ?" என்றாள் அவள்.

"ஓடாமல் இருக்கிறதுக்கு" என்றேன்.

"சப்பாத்துப் போட்டால் இன்னும் நல்லா ஓடுவாங்களப்பா."

அந்தத் தர்க்கம் எனக்கு அன்று பிடிபடவில்லை.

பட்டியலில் பதினேழு பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எல்லோரும் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பிறப்பு. கவலை ஒன்பதாம் இலக்க ஜேர்சி போடுகிறவனைப் பற்றி. வவுனியாவுக்கு அப்பால், யுத்தம் நடந்த பக்கம் பிறந்தவன். எங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். நாங்கள் மேலே வந்ததற்குப் பாதிக் காரணம் அவனுடைய இடது கால். ஒவ்வொரு மாதமும் பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று கேட்பார்கள். பந்தடிக்க என்று சொல்ல முடியாததால் ஏதாவது ஒரு படிப்பின் பெயரைச் சொல்லிவிட்டு வருவான். சரியான காரணம் ஒன்று இல்லாமல் அவனால் கொழும்பில் நிற்க முடியாது. அவன் இல்லாமல் எங்களால் முதலாம் பிரிவில் நிற்க முடியாது. எனக்கு இது நன்றாகவே தெரியும்.

தெரிந்துகொண்டுதான் என் அழகான கையெழுத்தில் பதினேழு பெயர்களை எழுதினேன். அவனிடம் வாங்கிய இரண்டு போட்டோவையும் என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். 155 பஸ்ஸில் அவன் பக்கத்தில் நின்றுகொண்டு வரும்போது, இந்தப் பொடியனுக்கு நான் செய்தது தெரியாது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

இரண்டு கிழமை கழித்துப் பயிற்சிக்குப் போஷகர் வந்தார். கையில் ஒரு கட்டு உறைகள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். அணித்தலைவர்தான் முதலில் பிரித்தார். உள்ளே ஒரு கடிதமும் போட்டோ ஒட்டிய அட்டையும். இன்னார் எங்கள் நிறுவனத்தின் ஊழியர், மாலை வேளைகளில் பயிற்சிக்காக விடுவிக்கப்படுகிறார் என்று சிங்களத்தில், சீலோடு. கடை, களஞ்சியம், லொறி என்று ஆளுக்கொரு வேலை பிரித்திருந்தார்.

"சப்பாத்து வாங்கறது லேசு, மாத்தயா" என்றார் என்னிடம். "வேல இருக்கணும். செக் பொயின்ற்ல காட்ட பேப்பர் இருக்கணும். அது இல்லாம எப்படி விளையாடறது?"

பதினேழு உறைகள் முடிந்தன. ஒன்பதாம் இலக்கம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"ஒம்பது நம்பர் எங்கே?" போஷகர் என்னைப் பார்த்தார். "லிஸ்ட்ல இல்லையே?"

"மறந்துபோச்சு முதலாளி."

"கோல் அடிக்கிற ஆளையா மறந்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். "செக்ரட்டரிக்கு வயசு போகுது" என்றார் அணித்தலைவர். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

"பரவாயில்லை அண்ணை" என்றான் அவன். "அடுத்த கிழமை தருவார்தானே."

போட்டோவை அடுத்த நாளே கொடுத்தேன். அட்டை அடித்து வரத் திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். சனிக்கிழமை விடியற்புறம் வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு நடந்தது. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது பிளாஸ்டிக் உறையை நீட்டினேன். பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஒழுங்கையில் லொட்ஜிலிருந்து ஒன்பதாம் இலக்கத்தைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை கடிதம் கைக்கு வந்ததும் போஷகர் என்னையும் லொறியில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அவர் உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். என்னிடமும் அடையாள அட்டை இருந்தது, அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை. திரும்பி வந்து, இன்னும் சில நாள் எடுக்கும் என்றார். லொறியில் ஏறிய பிறகு கேட்டார்.

"மறந்தது இல்ல, நே?"

"இல்லை."

கடையில் தேத்தண்ணீர் குடித்த அதிகாரியைப் பற்றியும் சொன்னேன்.

"அவர் வீட்டுக்கு கொமட் வாங்க வந்தது. நீலக் கலர் கேட்டார், எங்ககிட்ட இல்ல." பிறகு சொன்னார்: "எனக்கும் பயம்தான் மாத்தயா. ஒரு ஆள் ஏதாவது செஞ்சா, சீல் என்னோடது. வீட்டில நோனா ரெண்டு நாள் பேசல. அதான் எதுக்குன்னு ஒங்களுக்கு சொல்லல."

அவருக்கும் பயம் இருந்தது, எனக்கும் பயம் இருந்தது. அவர் பயத்தோடு பதினெட்டுப் பேருக்கும் கடிதம் அடிக்க ஆயத்தமாக இருந்தார். நான் பயத்தோடு ஒரு பெயரை விட்டேன். முதலாம் பிரிவில் ஒரு கழகம் நிற்பதற்கு என்ன வேண்டும் என்று இன்றைக்கு யாராவது கேட்டால், பணம், பயிற்சி, மைதானம் என்று மற்றவர்கள் சொல்வதையெல்லாம் நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் அவனை விட்டார்கள். போஷகர் கடிதத்தைக் கையில் கொடுத்தார். அவன் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்று பின்னேரமே வவுனியாவுக்குப் போனான். திரும்பி வரவில்லை. அந்தப் பருவத்தில் நாங்கள் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம். போஷகர் அடுத்த வருடமும் சப்பாத்து வாங்கித் தந்தார். பட்டியலை அணித்தலைவர் எழுதினார்.