அக்குளுக்குள் இருந்த கை

விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையில் மருந்து வெடித்து என் வலது கையில் மூன்று விரல்கள் போயின. நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டேன். விசாரணை அன்று, பெரிய மனிதர்கள் முன் நிற்கிற வழக்கப்படி, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் கட்டிக்கொண்டு அதிகாரி முன்னால் நின்றேன். கேட்டதற்கெல்லாம் "ஆமாய்யா" என்றேன். கையில் ஊனம் எதுவும் தெரியவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்.

"ஏலே, கையைக் காட்டுனியா இல்லையா?" என்று, உத்தரவைப் படித்துவிட்டு என் வக்கீல் கத்தினார்.

"அவுக கேக்கலையேய்யா. அம்புட்டுப் பெரிய ஆளு முன்னால கையை நீட்டிக்கிட்டா நிக்கிறது?"

"விரலு போனாலும் மரியாதை போகலை. நல்லாயிருலே!"

திட்டிக்கொண்டேதான் மதராஸ் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டார். அங்கே கீழே அந்த அதிகாரி எழுதியதை மட்டும்தான் படிப்பார்கள், புதிதாக எதையும் பார்க்க மாட்டார்கள் என்று ரயிலிலேயே சொன்னார். நான் நம்பவில்லை. நீதிபதி காகிதத்தைப் புரட்டும்போது கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் நிமிரவில்லை. டவாலிச் சேவகன்தான் ஓடிவந்தான்.

"கையை இறக்குய்யா."

இறக்கினேன். அப்பீல் தள்ளுபடி என்று நீதிபதி சொன்னபோது, அந்தக் கை தானாகவே அக்குளுக்குள் போயிருந்தது.