மேலிருந்து பார்த்த செவர்லே

பேரின்பநாதன் மொன்றியல் துறைமுகத்தில் பதினொரு வருடம் கொள்கலன்களைக் கட்டி இறுக்கும் வேலை செய்தவர். 2006 நவம்பரில் ஓர் இரும்புத் தடி சரிந்து அவர் இடுப்பில் விழுந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி, வில்லரே பகுதியில் மூன்றாம் மாடி வீட்டில் கொண்டுபோய் இருத்தினார்கள். பின் பால்கனியிலிருந்து, வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கைக்கு இரும்புப் படிகள் வளைந்து இறங்கின. பனி கரைந்த பிறகும் அவர் அவற்றில் கால்வைக்கவில்லை. மனைவி கமலாவதி டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறைக்குப் போனால் மாலைதான் வருவாள். குளிர்ப்பெட்டி எப்போது உறுமும், எப்போது அடங்கும் என்பது அவருக்குப் பாடமாகிவிட்டது.

ஏப்ரலில், கூட வேலை செய்த கிருபானந்தன் ஒரு ரிமோட் பொம்மைக் காரைக் கொண்டுவந்தான். மோட்டரும் சில்லுகளும் நல்ல நிலையில் இருந்தன. மேற்கூடு மட்டும் நொறுங்கியிருந்தது.

"கூட்டை நீங்களே செய்யுங்கோ அண்ணை. சும்மா இருந்தா விசர்தான் பிடிக்கும்."

எதிர்வீட்டுக் கிழவர் கனியோன் அந்த வாரம்தான் தன் ஐம்பதுகளின் செவர்லே காரைக் கராஜிலிருந்து ஒழுங்கைக்கு எடுத்திருந்தார். வெள்ளைக் கூரை, இளம்பச்சை உடல். பேரின்பநாதன் அதையே பார்த்துப் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டினார். கூரைத் தகட்டைச் சுடுதண்ணீரில் வளைத்தார். இடைவெளிகளைப் பசையால் அடைத்து, காய்ந்ததும் மண்தாளால் தேய்த்தார்.

"நான் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வரட்டே?" என்றாள் கமலாவதி.

"வேண்டாம். இஞ்சயிருந்தே வடிவாத் தெரியுது."

தெரிந்தது கூரையும் முன்மூடியும்தான். பக்கங்களை ஊகித்துச் செய்தார். முதலில் வெள்ளை அடித்து, கூரையை ஒட்டுநாடாவால் மறைத்து, பிறகு பச்சை அடித்தார்.

ஜூனில் ஒரு மத்தியானம் காரைப் பையில் வைத்துக் கயிற்றால் இறக்கினார். ரிமோட்டை அழுத்த, கவிழ்ந்த பையிலிருந்து அது ஓடி வெளியே வந்தது. கீழே நின்ற கனியோன் குனிந்து பார்த்தார், பெரிதாகச் சிரித்தார், அண்ணாந்து கையசைத்துக் கூப்பிட்டார். பேரின்பநாதன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். கிழவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

பேரின்பநாதன் முதற்படியில் குந்தி இருந்தார். பிறகு அடுத்ததில். இருந்து இருந்தே கீழே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

செவர்லேயின் பக்கத்தில், முன்விளக்கிலிருந்து பின்சில்லு வரை ஒரு வெள்ளிப்பட்டி ஓடியது. அவர் செய்ததில் அது இல்லை. கதவும் பிழை. கிழவர் கைகொடுத்து அவரைத் தன் காரின் முன்சீற்றில் இருத்தினார்.

ஐந்து மணிக்கு வந்த கமலாவதி திகைத்து நின்றாள். "எப்பிடி இறங்கினீங்கள்?"

"இருந்து இருந்து."

"எப்பிடி ஏறப்போறீங்கள்?"

கிழவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்து ஏற்ற முக்கால் மணித்தியாலம் ஆனது. எட்டு நாள் அவர் படுக்கையால் எழும்பவில்லை. இரண்டாவது சத்திரசிகிச்சை வரைக்கும் படிப்பக்கம் போகக் கூடாது என்று வைத்தியர் கண்டித்தார். அதற்குத் தேதி கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆகும்.

ஒன்பதாம் நாள் பொம்மைக் காரின் கூட்டை மடியில் வைத்து, பழைய கதவுகளைக் கத்தியால் நெம்பிக் கழற்றத் தொடங்கினார்.